உட்பக்கத்தை முதலில் பார்த்தவர்

செவ்வாய்க்கிழமை காலை. நிக்டியில் எங்கள் கடையின் ஷட்டரை என் கணவர் அப்போதுதான் தூக்கியிருந்தார். நான் உள்ளே நின்று நூல்கண்டுகளின் மேல் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து அவர்களின் மகள் கோகிலாவிடமிருந்து போன் வந்தது.

"ஆன்ட்டி, அப்பா காலைல டீ குடிச்சாங்க. கப்பைக் கீழ வெச்சாங்க. அவ்வளவுதான் ஆன்ட்டி."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. என் கணவர் என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஷட்டரை மறுபடியும் கீழே இறக்கினார்.

திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு எழுபத்தொரு வயது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் புனேவுக்கு வந்தவர். பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்சாலை ஒன்றில், எந்திர உதிரிபாகங்களுக்கான அச்சுகளுக்கு வரைபடம் போடும் வேலையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் அவர் எப்படிப்பட்டவர் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்தது கடைசிப் பத்து வருடங்களைப் பற்றி. அந்தப் பத்து வருடங்களும் அவர் கைக்குழந்தைகளுக்கு, கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா உடைகளை வடிவமைத்தார். அவரைத் தெரியாதவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தவள்தான்.

அவர் முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்தது ஒரு டிசம்பர் மாதம். நூல், பொத்தான், லேஸ், உல்லன் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. வாசலில் நான் பின்னிய குழந்தை உடைகளைத் தொங்கவிட்டிருப்பேன். இங்கே மராத்திக்காரர்கள் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவைப் பார்சே என்பார்கள். அதற்குக் கொடுப்பதற்காக வந்து வாங்கிப் போவார்கள். வெள்ளை கவுன், கழுத்தைச் சுற்றி முத்து, இடுப்பில் சாட்டின் ரிப்பன். என் கைவேலையில் எனக்குக் கர்வம் உண்டு.

சட்டைப்பையில் இரண்டு பேனாவும் ஒரு சின்ன எஃகு அளவுகோலும் வைத்திருந்த ஒருவர் வந்து, அந்த கவுனை எடுத்துத் தரச் சொன்னார். கையில் வாங்கியதும் அதை உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உட்பக்கத்தில் விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனார். நான் முடிச்சுப் போட்டிருந்த ஒவ்வோர் இடத்திலும் விரல் நின்றது.

"ஏனுங்க அம்மிணி, இது குழந்தைக்குப் பின்னுனதுங்களா, போட்டோவுக்குப் பின்னுனதுங்களா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. மேலப்பாளையத்துக்காரி நான், கடையில் வந்து யாரும் இப்படிக் கேட்டால் விடமாட்டேன். "என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கிய? இத வாங்கதுக்கு ஆகுர்டியில இருந்தெல்லாம் ஆளு வருதாவ, தெரியுமா?"

"அண்ணாச்சிங்களா? எங்கூர்ல மளிகைக் கடைக்காரரத்தானுங்க அப்படிக் கூப்புடுவாங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வாயில் வந்த அந்த 'அண்ணாச்சி' பிறகு மாறவே இல்லை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய மகள் கோகிலாவின் குழந்தை இனியாவுக்கு ஏழு மாதம். இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருந்தது. மூட்டைச் சரியான இடத்தில் பொருத்தி, மார்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். இரண்டு காலும் அகல விரிந்தபடி. மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும்.

"எந்தத் துணியும் ஏற மாட்டேங்குதுங்க. போர்வையச் சுத்தி வெச்சிருக்கோம். குளுர்ல போர்வைய உதைக்கக்கூட அதுக்குக் காலு இல்லீங்க" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல், மேஜை மேல் கிடந்த முத்துகளைப் பார்த்தார். "இந்த முத்து ஒண்ணு கழண்டு கட்டுக்குள்ளார உழுந்துச்சுன்னா, யாருங்க எடுக்கறது?"

நான் அந்த கவுனை வாங்கி மடித்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் ஒரு வரைபடத்தோடு வந்தார். இயந்திர பாகத்துக்குப் போடுவதுபோல முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து பார்வை என்று மூன்று படங்கள். குழந்தையின் வயிறு ஓர் உருளை, கால்கள் இரண்டு குழாய்கள், மாவுக்கட்டு இருக்கும் இடமெல்லாம் சாய்கோடுகள். தலை மட்டும் வட்டமாக இருந்தது. அந்த வட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். பிறகு அந்த வாயைப் பார்த்தேன். சிரிக்கிற வாயாகப் போட்டிருந்தார்.

முதல் உடையை மூன்று நாளில் பின்னிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் முழுதாகத் திறக்கும், பின்பக்கம் பொத்தான். மறுநாள் திரும்பி வந்துவிட்டது.

"பொத்தான் ஆகாதுங்க அம்மிணி."

"ஏன் அண்ணாச்சி? நல்ல சின்னப் பொத்தானாத்தான பாத்து வச்சேன்."

"நான் ஒண்ண முதுகுக்கு அடியில வெச்சுட்டு அரை மணி நேரம் தரையில படுத்துப் பாத்தனுங்க. குழந்தையால பொரண்டு படுக்க முடியாதுங்களே."

அப்படித்தான் அவர் வேலை செய்தார். எந்த நூல் என்று முடிவு செய்வதற்காக என்னிடம் கம்பளி, அக்ரிலிக், பருத்தி என்று மூன்றிலும் உள்ளங்கை அளவு பின்னித் தரச் சொன்னார். ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்கச் சட்டைக் காலருக்குள், கழுத்தில் படும்படி வைத்துக்கொண்டு நடமாடினார். மூன்றாவது நாள் கழுத்தெல்லாம் சிவந்துபோய் வந்து, பருத்தி நூலைக் காட்டி, "இதுதானுங்க" என்றார்.

அவருக்குத் தெரியாததும் இருந்தது. குரோஷா துணியை அவர் தகடு மாதிரி நினைத்து வரைந்தார். வரிசையை எந்தப் பக்கமாக வைத்துப் பின்னுகிறோம் என்பதைப் பொறுத்து அது இழுபடும் விதம் மாறும் என்று நான் சொன்னபோது நம்பவில்லை. கண்ணியின் பின் இழையில் மட்டும் ஊசியை விட்டு ஒரு பட்டை பின்னிக் கையில் கொடுத்தேன். இழுத்தார். விட்டார். ரப்பர் போலப் போய் வந்தது. என் கணவர் இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டுத் திரும்பியபோதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு அளவுகோலை எடுத்து, இழுக்கும் முன் எவ்வளவு, இழுத்த பின் எவ்வளவு என்று எழுதிக்கொண்டார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்று என்னையே குறை சொன்னார்.

நிறத்தில் எங்களுக்குச் சண்டை. அவர் சாயம் ஏறாத வெள்ளை போதும் என்றார். நான் கேட்கவில்லை. மஞ்சளில் பின்னி, வெளி ஓரத்தில் மட்டும் ஆரஞ்சுக் கரை வைத்தேன். "கரை எதுக்குங்க? அதுக்கு வேலை ஒண்ணும் இல்லியே" என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

அந்த வாரம் கோகிலா என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. புனேயில் பிறந்து வளர்ந்தவள், விமான் நகரில் ஒரு கம்பெனியில் வேலை, குழந்தைக்காக விடுப்பில் அப்பா வீட்டில் இருந்தாள். கடை முக்காலியில் உட்கார்ந்து, தமிழும் இந்தியுமாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, இத்தனை நாளா வெளிய போனாலே எல்லாரும் ஒரே கேள்விதான். க்யா ஹுவா, க்யா ஹுவான்னு, என்னாச்சு இவளுக்குன்னு. நேத்து லிஃப்ட்ல ஒரு மராத்திப் பாட்டி இவளப் பாத்துட்டு 'கித்தி கோட் திஸ்தே!'ன்னாங்க. எவ்வளவு அழகா இருக்கான்னு. அதுக்கப்புறம்தான் காலைப் பாத்தாங்க. ஃபர்ஸ்ட் டைம் ஆன்ட்டி."

அவள் அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் நாச்சிமுத்து அண்ணாச்சி வந்து, இரண்டாவது உடையின் வரைபடத்தை மேஜை மேல் வைத்தார். ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, 'கரை: ரஹ்மத் அம்மா விருப்பம்' என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். அன்றிலிருந்து வெளிப்பக்கம் என் பொறுப்பு, உட்பக்கம் அவர் பொறுப்பு.

மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்கள் இனியாவின் உடையைப் பார்த்துக் கேட்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் அதே மாதிரிதான் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் சாதாரணக் குழந்தைகளுக்கும் செய்யத் தொடங்கினோம். கழுத்து வழியாகத் தலையை நுழைக்கத் தேவையில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று மடிந்து பக்கவாட்டில் கட்டிக்கொள்ளும் சட்டை. கழுத்தருகே கயிறே கிடையாது. லேஸ் மாதிரிப் பெரிய ஓட்டை விட்டுப் பின்னக்கூடாது. குழந்தையின் விரல் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் என்பார். இணைக்கும் இடமெல்லாம் வெளிப்பக்கம் வரும். பார்க்கிறவர்கள், "காக்கா, சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டீர்களா?" என்று மராத்தியில் கேட்பார்கள். சித்தப்பாவை இங்கே காக்கா என்பார்கள். அவர் சலிக்காமல் தன் மராத்தியில் விளக்குவார். அந்த மராத்தியிலும் 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனியா ஒன்றரை வயதில் நடந்தாள். அந்த வீடியோவைக் கடைக்கு எடுத்து வந்து காட்டியபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்ததும் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனிச் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதல்ல. அவரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் எழுதுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு குழந்தைகளுக்கான காலுறைகள் பின்னினோம். அவருடைய வடிவம் வெறும் ஒற்றை நிறம். எனக்கு அது மொட்டையாகத் தோன்றியது. அவரிடம் கேட்காமல் ஒரு தொகுதியில் முன்பக்கம் சிவப்புப் பூ ஒன்று சேர்த்தேன். நிறம் மாறும் இடத்தில் நூலை ஒவ்வொரு தடவையும் வெட்டி முடிய வேண்டும். நான் வெட்டாமல், உட்பக்கமாக ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன். உள்ளே நீளமான இழைகள் தொங்கின.

விமான் நகரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தாள். மேக்னா என்று பெயர், எங்களிடம் முன்பும் வாங்கியவள். ஐந்து மாதக் குழந்தை ஒரு மணி நேரமாக நிறுத்தாமல் அழுதிருக்கிறது. பால் கொடுத்தும் தூக்கி நடந்தும் நிற்கவில்லை. கடைசியில் காலுறையைக் கழற்றினால், ஓர் இழை சின்ன விரலைச் சுற்றி இறுக்கி, விரல் கறுத்துப்போய் இருந்திருக்கிறது. டாக்டரிடம் ஓடினார்கள். அவர் நூலை வெட்டி எடுத்தார். "விரல் பிழைத்துக்கொள்ளும், இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை" என்றாராம்.

அண்ணாச்சியை அழைத்துச் சொன்னேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். மீதியிருந்த ஒரு ஜோடியை எடுத்து உட்பக்கம் திருப்பினார். பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"வாங்க, போலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோ பிடித்து விமான் நகர் போனோம். மேக்னாவின் வீட்டில் அவளுடைய கணவர் கோபமாக இருந்தார். இருக்கத்தானே செய்வார். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல் நின்றபடியே, "டிசைன் மேரா ஹை. கல்தி மேரி ஹை" என்றார். வடிவம் என்னுடையது, தவறு என்னுடையது என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. குழந்தையின் காலைக் காட்டினார்கள். விரலைச் சுற்றிக் கோடு போட்டது போன்ற சிவப்பு. அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அழுதேன். "பூ வச்சது நான்லா அண்ணாச்சி. நீங்க ஏன் அப்பிடிச் சொன்னிய?"

"வெளிய உடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நானுங்க. அன்னிக்கு ஊருக்குப் போற அவசரம். மேலாலே பாத்துட்டு, செரின்னு குடுத்துட்டேன். உள்ளாரத் திருப்பிப் பாக்கலீங்க." பிறகு, "உங்களுக்குப் பரிஞ்சு பேசுலீங்க அம்மிணி. நெசத்தத்தான் சொன்னேன்" என்றார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தனியாக மேக்னா வீட்டுக்குப் போய், பூவைச் சேர்த்தது நான்தான், அவரிடம் கேட்காமல் செய்தேன் என்று சொன்னேன். அவள் என்னை உள்ளே உட்கார வைத்தாள்.

"தெரியும் ஆன்ட்டி. காக்கா பூ வரைய மாட்டாரே" என்றாள் இந்தியில்.

பூப் போட்ட காலுறைகளை எல்லாம் திரும்ப வாங்க அலைந்தோம். கடை வாசலில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டினோம். தெரிந்தவர்களுக்குப் போன் செய்தோம். அவர் பஸ்ஸில் கோர்படி வரை போய் ஒரு ஜோடியை வாங்கி வந்தார். அந்த வீட்டில் ராணுவத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி, "அழகாக இருக்கிறதே, ஏன் கேட்கிறீர்கள்?" என்று தர மறுத்திருக்கிறாள். அவர் காலுறையைத் திருப்பித் தன் சுண்டுவிரலை உள்ளே விட்டு, இழை எப்படிச் சுற்றுகிறது என்று காட்டியதும் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். எல்லாம் வந்தன, ஒரு ஜோடியைத் தவிர. யாரோ பெயர் சொல்லாமல் வாங்கிப் போனது. அது வரவே இல்லை. அந்தக் குழந்தைக்குக் கால் வளர்ந்து காலுறை சின்னதாகியிருக்கும் என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்ள ஒரு வருடம் ஆயிற்று. அவர் அதன் பிறகும் எப்போதாவது கேட்பார்.

அதற்குப் பிறகு எங்களிடமிருந்து போன ஒவ்வோர் உடையையும் அவர் உட்பக்கம் திருப்பி, விரலை விட்டுப் பார்த்துத்தான் அனுப்பினார். அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த மாதத்தில், பார்க்க முடியாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். நான் விட்ட ஒரு முடிச்சை அப்படிக் கண்டுபிடித்தும் விட்டார்.

இரண்டு வருடமாக இதய நோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தார். படியேறினால் மூச்சு வாங்கும். கடைக்கு வந்தால் முக்காலியில் உட்கார்ந்து, முதலில் ஐந்து நிமிடம் மூச்சை நிதானப்படுத்திக்கொள்வார். கடைசியாக வந்தது இறப்பதற்குப் பத்து நாள் முன்பு. பக்கவாட்டுக் கட்டுகளை ஒரே கையால் அவிழ்க்கும்படி மாற்ற வேண்டும் என்றார்.

"இப்பவே நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி. யாரும் கொற சொல்லலியே."

"பால் குடுக்கறவங்களுக்கு ஒரு கையிதானுங்க மிச்சம் இருக்கும்" என்றார். "சொல்ல மாட்டாங்க. பழகிக்குவாங்க. அதுக்காக நாம உட்ரலாமுங்களா?"

யோசிக்கலாம் என்றேன். என் கணவர் டீ வரவழைத்தார். அவர் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியதும், பேருந்து நிறுத்தம் வரை நானும் கூட நடந்தேன். அவ்வளவுதான் எங்கள் கடைசிச் சந்திப்பு. அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை என்பதே இப்போது வருத்தமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனோம். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர்கள் வராந்தா முழுக்க நின்றிருந்தார்கள். உள்ளே பெண்கள். அவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த அம்மாக்கள். யார் யாருக்குச் சொன்னார்களோ, விமான் நகரிலிருந்தும் கோர்படியிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேக்னா வந்திருந்தாள். அவள் மகன் வெறுங்காலோடு கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். கோகிலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனியாவுக்கு இப்போது பத்து வயது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் உள்ளே போவதுமாக ஓடிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டத்தைப் பார்க்கிற யாருக்கும் அவள் கால்களைப் பற்றி எதுவும் தோன்றாது.

அவரை எடுத்துப் போன பிறகு பெண்கள் மட்டும் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரென்று தெரியாது. மடியில் இரண்டு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சட்டைதான் போட்டிருந்தது, இளம்பச்சை. குழந்தை பால் கக்கியதில் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் பையிலிருந்து மாற்றுச் சட்டையை எடுத்தாள். பக்கவாட்டுக் கட்டை அவிழ்த்தாள். இரண்டு மடிப்பையும் விலக்கி, ஒரு கையை உருவினாள், பிறகு மறு கையை. தலையைத் தூக்கவில்லை, குழந்தையைத் திருப்பவில்லை. புதுச் சட்டையை அடியில் நுழைத்து, கைகளை விட்டு, மடித்துக் கட்டினாள்.

குழந்தை வாயை ஒரு தடவை அசைத்துவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

நான் சட்டென்று வராந்தாப் பக்கம் திரும்பினேன், அவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காக. அங்கே காலி நாற்காலிகள் கிடந்தன.

அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லி விடைபெறுகிறேன். அண்ணாச்சி, புள்ள முழிக்கல.